காஞ்சனாவைப் பார்த்துப் பயந்தோமா?

தமிழில் பேய்ப்படம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காஞ்சனா. 2007-இல் வந்த முனியின் தொடர்ச்சியாக 2011-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த படம். குழந்தை குட்டிகளோடு குடும்பமாகத் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். டிவியில் போட்டால் இன்றும் பார்க்கிறார்கள். உண்மையிலேயே பயமுறுத்தும் ஒரு படத்தை இப்படிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா? என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

பயப்படுவதற்கான சரக்கு முதல் பாதியில் இருக்கிறது. நாயகன் ராகவாவும் நண்பர்களும் ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். தரையில் அடித்த ஸ்டம்ப், கீழே புதைந்து கிடக்கும் பிணத்தில் இறங்குகிறது. இரத்தக்கறை படிந்த அந்த ஸ்டம்ப்போடு ராகவா வீட்டுக்கு வருகிறான். பாழடைந்த பங்களாவும் வேண்டாம், மந்திரவாதியும் வேண்டாம். விளையாட்டுச் சாமானோடு பேய் வாசல்படி தாண்டிவிடுகிறது. அருமையான கற்பனை. ஆனால் அந்த அச்சம் மனதில் ஊறப் படம் அவகாசமே தருவதில்லை. கோவை சரளாவும் தேவதர்ஷினியும் சிரிக்க வைக்கிறார்கள், உடனே பின்னணி இசை காதைப் பிளக்கிறது, நாற்காலியில் துள்ளுகிறோம். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அப்படித்தான் துள்ளுவோம்.

பிற்பாதியில் காஞ்சனாவாகச் சரத்குமார் வந்ததும் பயம் முற்றிலும் விலகிவிடுகிறது. பெற்றோர் துரத்திவிட்ட திருநங்கை காஞ்சனா. ஓர் இஸ்லாமியப் பெரியவர் அவளுக்கு அடைக்கலம் தருகிறார். தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட கீதாவை அவள் டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. அபகரித்து, அவளையும் உடனிருந்தவர்களையும் கொன்று புதைக்கிறான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பேயைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? உயிருக்குப் பயந்து கோயிலுக்குள் ஓடி ஒளிகிறவன் அந்த எம்.எல்.ஏ.தான். காஞ்சனா தெய்வத்திடமே முறையிட்டு நியாயம் கேட்கிறாள். நாம் அவள் பக்கம் நிற்கிறோம்.

அநியாயமாகச் செத்து நியாயம் கேட்டு வரும் பேய் என்ற இந்த வார்ப்பு சினிமாவில் பிறந்ததல்ல. கணவன் கையால் செத்து, பேயாகத் திரும்பி வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதை நம்மிடம் பன்னெடுங்காலமாக உண்டு. தென்மாவட்டங்களில் அவளையே இசக்கியோடு சேர்த்துப் பேசுவார்கள். பசியின் கொடுமையில் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் கோயிலே இருக்கிறது. அநியாயமாகச் செத்தவர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது நம் கிராமங்களின் வழக்கம். காஞ்சனாவும் கடைசியில் ராகவாவின் உடலிலேயே துணையாகத் தங்கிவிடுகிறாள். ஆகவே காஞ்சனா படத்தை அம்மன் படங்களின் உறவாகப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சந்திரமுகியில் (2005) பேயே கிடையாது, மனநோய்தான்; ஆனாலும் அங்கேயும் பழிவாங்கத் துடிக்கும் ஒரு பெண்ணின் பழங்கதைதான் நம்மைக் கட்டிப்போட்டது.

அப்படியானால் தமிழில் பயமுறுத்திய படம் எது? விக்ரம் குமாரின் யாவரும் நலம் (2009) என்று தயங்காமல் சொல்வேன். மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. வேறு யாராவது கூட வந்தால் நகரும். அவருடைய வீட்டுக்குள் செல்போனில் படம் எடுத்தால் அவர் முகம் கோணிப்போகும், வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் சீரியலில் நடப்பதெல்லாம் அதே வீட்டில் நடக்கத் தொடங்குகிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமரா எதையும் அடித்துச் சொல்வதில்லை. வெளிச்சமான ஹாலில், குடும்பமே கூடியிருக்கும்போது, காரணம் தெரியாமல் வருகிற பயம் அது. இந்தப் படத்திலும் பிற்பாதியில் ஃபிளாஷ்பேக் வருகிறது. வந்ததும் பிடி தளர்கிறது.

கார்த்திக் சுப்புராஜின் பீட்சா (2012) இதில் ஒரு படி மேலே போனது. டார்ச்லைட்டோடு பங்களாவில் மாட்டிக்கொண்ட விஜய் சேதுபதியின் அனுபவம் முழுக்கக் கட்டுக்கதை என்று தெரிந்த பிறகும், கடைசிக் காட்சியில் அவன் இன்னொரு வீட்டுக்குள் நுழையும்போது வயிறு கலங்குகிறது. அங்கே இருப்பது யார், அதற்கு என்ன வேண்டும் என்று யாரும் விளக்குவதில்லை. படம் முடிந்துவிடுகிறது.

காஞ்சனா கேட்ட நியாயம் பெரியது. வெகுஜன சினிமா கேலிப்பொருளாக்கி வைத்திருந்த திருநங்கையை நாம் கையெடுத்துக் கும்பிடும்படி செய்த படம் அது. பயமுறுத்தும் படம் என்று மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். பயந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாவரும் நலம் படத்தை ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக இருக்கும்போது போட்டுப் பாருங்கள்.