15 வயசுக்கு ஒரு உளி

மத்திய அரசு சொல்கிறது: 18 வயசு ஆகட்டும். மாநில அரசு சொல்கிறது: 35 ஆகட்டும். ஜெகதாப்பட்டினத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட பையனுக்கு வயசு 15. இடைப்பட்ட காலத்தில் அவன் என்ன செய்வான்? கடலுக்குப் போவான். வேறென்ன?

தச்சுத் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறேன். 2023 செப்டம்பரில் வந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள். தச்சு உண்டு, படகு கட்டுவதும் உண்டு. சில நாள் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, அப்புறம் 3 லட்சம் வரை கடன். ஆனால் குடும்பத்தில் வழிவழியாக அந்தத் தொழில் இருக்க வேண்டும் என்கிற வாசனை அதில் அடித்தது. அந்த நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டுப் பார்த்த தமிழக அரசு, இப்போதுள்ள வடிவத்தில் இது வேண்டாம் என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. 25 தொழில்கள், சாதி கேட்காது, கடனில் 25 சதவீதம் மானியம். வயசு மட்டும் 35.

கடிதத்தில் கேட்டது நியாயம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகம் இருக்கிறதா? பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, 1954-ல் காமராஜர் வந்ததும் ஒழிந்தது. அந்தச் சூடு கண்ட பூனை நாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பத்து நாள் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் அனுப்பலாம் என்றபோது இங்கே எல்லோருக்கும் முதுகு சிலிர்த்தது. (பத்து நாளில் உளி பிடிக்கிற கோணம்கூட வராது என்பது தனிக்கதை.)

என் சண்டை வேறு. அப்பன் தொழில் வேண்டாம் என்றோம், சரி. அடுத்த வீட்டு அப்பனின் தொழிலை, பிடித்திருந்தால், ஒரு நல்ல வாத்தியாரிடம் கற்றுக்கொள்ள வழி செய்தோமா? 35 வயசில் கடன் தருகிற அரசு, அந்த 35 வயசுக்காரர் வேலையை எங்கே கற்றார் என்று கேட்பதே இல்லை. பெரும்பாலும் அப்பாவிடம்தான்!

ஐ.டி.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தச்சர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும், 14 வயசு போதும், ஒரு வருஷப் படிப்பு. வரைபடமும் கணக்கும் பாடத்தில் உண்டு. ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு கிடையாது. நம் வீடுகளில் பேச்சு எப்படி? ‘படிப்பு ஏறலையா, ஐ.டி.ஐ.ல போடு.’ போட்டாலும் எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர். அதுவும் கிடைக்காதவனுக்கு மரவேலை. இன்னொரு பக்கம், நாற்காலியை ‘டிசைன்’ பண்ணப் படிக்க வேண்டுமானால் பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, 1961-ல் ஆமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் மாதிரி இடங்களுக்குப் போக வேண்டும். யோசிக்கிறவர் ஒரு ஊரில், அறுக்கிறவர் வேறு ஊரில்.

டிசைன் என்றால் கட்டில் தலைமாட்டில் மயில் செதுக்குவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2018 நவம்பர் 16-ஐ நினைத்துப் பாருங்கள். கஜா புயல். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்தது. நான் பி.காம். படித்தவன், எனக்குக் கணக்கு இடிக்கிறது. 500 ரூபாய் கொடுத்து அப்புறப்படுத்த அது என்ன குப்பையா? முற்றிய தென்னையில் வெளிப்பக்கம் வைரம், நடுப்பக்கம் பஞ்சு. எதை எங்கே போடுவது என்று தெரிந்தால் பெஞ்சு வரும், ஜன்னல் சட்டம் வரும். தெரியாவிட்டால் விறகு. பிலிப்பைன்ஸ்காரர்கள் 1978-ல் மணிலாவில் தென்னை மரத்தையே முக்கியப் பொருளாக வைத்து ஒரு மாளிகையைக் கட்டிக் காட்டினார்கள். (கட்டச் சொன்னது இமெல்டா மார்கோஸ். அந்த அம்மாவின் செருப்புக் கணக்கை இன்னொரு வாரம் பார்க்கலாம்.) இந்தப் பொருளை வைத்து என்ன செய்யலாம், யாருக்கு, என்ன விலைக்கு என்கிற மூன்று கேள்விதான் டிசைன். பதினைந்து வயசில் அதைக் கேட்கப் பழகாதவர், மரவிலை, கழிவு, கூலி, கருவித் தேய்மானம் எல்லாம் போட்டு ஒரு விலை சொல்லத் தெரியாமல் கடைசிவரை கான்ட்ராக்டரிடம் தினக்கூலிதான்.

ஜெகதாப்பட்டினத்தை ஏன் இழுக்கிறேன்? புதுக்கோட்டை மாவட்டத்தின் விசைப்படகுகள் அங்கிருந்தும் பக்கத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்தும்தான் கிளம்புகின்றன. 2018-ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைத் தாறுமாறாக ஏற்றியது. பிடிபட்ட படகு ஊர் திரும்புவது அபூர்வம். 2021 அக்டோபரில் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி ஒரு கோட்டைப்பட்டினம் படகு மூழ்கியது, ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கரையில் பிழைக்க ஒரு கைத்தொழில் கேட்பது ஆடம்பரமா?

கற்றுக்கொள்ளப் பட்டணம் போகவும் வேண்டாம். மரப்படகைவிடப் பெரிய டிசைன் பாடம் எது? அடியில் ஏரா, அதாவது படகின் முதுகெலும்பு. அதன்மேல் விலா எலும்பு மாதிரி கட்டைகள். அதற்கு வளைந்து வளர்ந்த மரமாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். காகிதத்தில் ஒரு கோடு போடாமல் கண்ணளவிலேயே கட்டி முடிக்கிற கைகள் இந்தக் கரையெங்கும் உண்டு. அந்தக் கண்ணளவைக் காகிதத்தில் இறக்க ஒரு பள்ளிக்கூடம் இல்லை என்பதுதான் என் புகார். ஃபைபர் படகு வந்தபின் அந்தக் கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஃபின்லாந்தில் 1866-லேயே கிராமப் பள்ளிப் பையன்களுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். தச்சன் மகனைத் தச்சனாக்க அல்ல. பாதிரி மகனும் பண்ணைக்காரன் மகனும் ஒரே பெஞ்சில் நின்று இழைப்புளி தள்ள. எந்தப் பிள்ளை பெஞ்சில் நிற்கிறது என்பதில்தான் குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள தூரம் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இடுக்கில் பஞ்சுத்திரி அடிப்பது, வர்ணம் பூசுவது எல்லாம் அப்போதுதான். பள்ளிக்கூடத்துக்கு லீவும் அப்போதுதான்! மீனவர் வீட்டுப் பையன், தச்சர் வீட்டுப் பையன், மளிகைக் கடைக்காரர் பெண் என்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கட்டும். சொல்லித்தருகிற தச்சருக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடாமல் வாத்தியார் சம்பளம் கொடுங்கள். 14-லிருந்து 18 வயசு வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் விடக்கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் இருக்கிறது. அதனால் ஓடுகிற ரம்பத்துப் பக்கம் வேண்டாம். அளக்கட்டும், வரையட்டும், கையால் இழைக்கட்டும். கடைசி வாரம் ஆளுக்கொரு ஸ்டூல் செய்து, அதற்கு விலையும் எழுதி ஒட்டட்டும். விலை தப்பாக இருந்தால் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார். அவர்தான் மீன் ஏலத்தில் நின்று பழகியவராயிற்றே!