ஈடு என்னும் சொல்

நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் இடையே கிடக்கிறது சாம்பல்தீவு. இக்கரைகளைத் தேடி ஐரோப்பாவிலிருந்து பறந்துவரும் உல்லாசப் பயணிகளுக்கென எழுதப்படும் விளம்பரங்களில் ஒரு சொல் பெரிதும் பயில்கிறது. சிறுதொகை கட்டினால் எங்கோ மரம் நடப்படுமாம். பறந்ததால் எழுந்த காபனீரொட்சைட்டு அதனால் 'ஈடுசெய்யப்படுமாம்'. தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் இச்சொல்லை நாம் சற்றே உரசிப் பார்க்கவேண்டியுள்ளது.

ஈடு என்றால் நிகர். இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்து திரும்பும் ஒருவரின் பங்கு, கணக்கிடும் முறைக்கேற்ப, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு தொன் வரை. அது சில மணி நேரத்தில் வானேறுகிறது. அதில் ஒரு பகுதி ஆயிரமாண்டு கடந்தும் அங்கேயே நிற்கும். நட்ட கன்று அவ்வளவையும் உறிஞ்சப் பல பத்தாண்டுகள் வேண்டும். இடையில் தீயோ கோடரியோ வந்துவிட்டால் உறிஞ்சியதும் மீண்டுவிடும். இதில் நிகர் எங்கே? 2024இல் அம்ஸ்ரர்டாம் நீதிமன்றம், கே.எல்.எம். விமான நிறுவனத்தின் இத்தகைய விளம்பரங்கள் மக்களை மயக்குவன என்றே தீர்ப்பளித்தது.

நம்மவர் வழக்கில் ஈட்டுக்கு வேறொரு பொருளும் உண்டு: அடகு. அதுவே இங்குப் பொருந்துகிறது. கடல் சூடேறிப் புறாமலைத்தீவின் பவளப்பாறை வெளிறினால், அங்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் வள்ளக்காரரின் பிழைப்பும் போகும். அடகு வைத்தவரோ அவரல்லர்.

பயணிகள் வரவேண்டாமென்று நாம் கூறவில்லை. அவர்களை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இங்கே பல. (தாய்தந்தையரைக் காணக் கனடாவிலிருந்து வருபவரை உல்லாசக் கணக்கில் சேர்ப்பதும் முறையன்று.) கண்டற்காட்டுக்குப் பணம் தருவது நல்லதே. அதனை நன்கொடை என்று எழுதட்டும். பயணச்சீட்டில் தொன்கணக்கைக் கழிக்காமல் தனியே அச்சிடட்டும்.