விலங்கின் நோக்குநிலையும் வரலாற்றுப் புனைவும்: ‘மத்தகம்’ குறுநாவலை முன்வைத்து

முன்னுரை

தமிழ் வரலாற்றுப் புனைவுகளில் யானையும் குதிரையும் இடையறாது இடம்பெறுகின்றன. எனினும் அவை அரசனைச் சுமந்து செல்வனவாகவே அமைகின்றன. வரலாற்றைக் காண்பனவாக அமைதல் அரிது. பிற மொழிகளில் விலங்கின் நோக்கில் வரலாற்றைச் சொல்லும் புனைவு, பெரும்பாலும் இதமான வாசிப்புக்குரியதாக வளர்ந்துள்ளது. போரும் ஆட்சி மாற்றமும் அங்குப் பின்னணியாகிவிட, வளர்ப்பு விலங்கின் பசியும் பாசமும் முன்னிற்கும். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தைக் களமாகக் கொண்ட ஜெயமோகனின் ‘மத்தகம்’ குறுநாவல் இவ்வகைக்கு மிக அருகில் நின்றும் அதன் இதத்தை மறுக்கிறது. அம்மறுப்பு அப்படைப்பின் கூற்றுமுறையால் விளைவது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகைக் கூற்று

அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறுவதற்கு நன்னூல் இடமளிக்கிறது. தொல்காப்பிய மரபியல், மக்களேயன்றி வேறு சில உயிர்களும் ஆறறிவின்பாற்படும் எனக் குறிப்பிடுகிறது. உரைமரபு யானையையும் அவ்வரிசையில் வைத்து எண்ணியுள்ளது. ஆகவே விலங்கிற்கு மனம் உண்டு என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. அம்மனத்தை யார் எடுத்துரைப்பது என்பதே புனைவின் சிக்கலாகும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. விலங்கே தன்மையிடத்தில் பேசுவது முதல்வழி. 1877இல் வெளிவந்த அன்னா சூவெல்லின் ‘பிளாக் பியூட்டி’ ஒரு குதிரையின் தன்வரலாறாக அமைந்து, குதிரைகள் படும் துன்பத்தின்பால் வாசகரின் இரக்கத்தைத் திருப்பியது. படர்க்கைக் கதைசொல்லி விலங்கின் மனத்துள் புகுவது இரண்டாம் வழி. வர்ஜீனியா உல்ஃபின் ‘ஃப்ளஷ்’ (1933), கவிஞர் எலிசபெத் பேரட் பிரௌனிங்கின் நாயை மையமாக்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனை மணங்களின் நகரமாகக் காட்டுகிறது. இதமாகத் தொடங்கும் அந்நூலிலும், நாய் களவுபோய் மீட்புப்பணம் கேட்கப்படும் பகுதியில் மாநகரின் வறுமை வெளிப்பட்டுவிடுகிறது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) இவ்வழியினது. எனினும் அதன் காலம் வரையறுக்கப்படாமையால் அதனை வரலாற்றுப் புனைவு எனக் கொள்ளுதல் இயலாது. விலங்கின் அருகில் வாழும் மனிதர் அதன் உடலசைவைப் படித்துச் சொல்வது மூன்றாம் வழி. ‘மத்தகம்’ இவ்வழியை மேற்கொள்கிறது.

ஐதீகமாலையின் யானைகள்

கேரளத்தில் யானைக்குப் பெயரும் குடியும் புகழும் உண்டு. கொட்டாரத்தில் சங்குண்ணி (1855–1937) தொகுத்து, 1909 முதல் எட்டுப் பகுதிகளாக நூலாக்கம் பெற்ற ‘ஐதீகமாலை’யில் யானைகளின் கதைகள் தனி வரிசையாகவே அமைந்துள்ளன. கிடங்ஙூர் கண்டங்கோரன், ஆறன்முள வலிய பாலகிருஷ்ணன், வைக்கத்துத் திருநீலகண்டன் ஆகிய பெயர்களோடு திருவட்டாற்று ஆதிகேசவனும் அவ்வரிசையில் உண்டு. இக்கதைகள் யானையை உடைமையாளரும் பக்தரும் நின்ற இடத்திலிருந்து காண்பன. யானையின் அடக்கம் பக்தியாகிறது. அதன் சினமும் பெரும்பாலும் பெருமைக்குச் சான்றாகவே நினைவுகூரப்படுகிறது. இதமான விலங்குக் கதையின் உள்நாட்டு வடிவம் இது எனலாம். இதில் சங்கிலி உண்டு; ஆயினும் அது அணிகலன் போலவே தோன்றுகிறது.

பாகனின் கூற்று

‘மத்தகம்’ அதே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சார்ந்த கேசவன் என்னும் யானையைப் பற்றியது. கதையைச் சொல்பவன் பரமன். யானைப்பணியில் கீழ்நிலையில் உள்ள பாகன். குறுநாவலின் ஆற்றல் இத்தேர்வில் அடங்கியுள்ளது. பக்தர் யானையின் நெற்றிப்பட்டத்தைக் காண்கின்றனர்; பரமன் அதன் காலடியில் நிற்கிறான். காதசைவு, துதிக்கையின் நிலை, கண்ணோரத்து மதநீர் ஆகியவற்றை அவன் படிப்பது அன்பினால் மட்டுமன்று. பிழையாகப் படித்தால் உயிர் போகும் என்னும் அச்சத்தினாலும் ஆகும். யானையைச் சுற்றி வாழும் மனிதரின் ஆசையும் பொறாமையும் குற்றமும் இவ்வச்சத்தினூடாகவே வெளிப்படுகின்றன. மன்னனின் மேன்மை யானையின் மேன்மையாகவும், யானையின் செருக்கு அதிகாரத்தின் செருக்காகவும் மாறும் விதத்தை ஏவலனே நன்கறிவான்.

போர்த்துகீசிய எழுத்தாளர் சரமாகோவின் ‘யானையின் பயணம்’ (2008) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1551இல் லிஸ்பனிலிருந்து வியன்னாவுக்குப் பரிசாக அனுப்பப்பட்ட யானையும் அதன் இந்தியப் பாகனும் அப்புதினத்தின் மாந்தர். ஆயினும் அங்குக் கதைசொல்லி இன்றைய காலத்தில் நின்று அரசர்களை எள்ளுகிறார். அத்தொலைவு வாசகருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பரமனுக்கு அத்தகைய தொலைவு இல்லை. அதனால் வாசகருக்கும் இல்லை.

மொழியும் இதற்குத் துணைநிற்கிறது. தமிழும் மலையாளமும் கலந்த தென்திருவிதாங்கூர் வழக்கு குறுநாவல் முழுதும் பயில்கிறது. 1956 நவம்பர் 1இல் கல்குளம் உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, கோயில் தமிழகத்திலும் அரண்மனைத் தலைநகரான திருவனந்தபுரம் கேரளத்திலுமாகப் பிரிந்தன. பாகரின் மொழியோ அவ்வெல்லைக்கு முற்பட்டது. ‘நட’, ‘இரி’, ‘இடத்தானே’, ‘வலத்தானே’ என யானையிடம் பேசப்படும் சொற்கள் பெரும்பாலும் ஏவற்பொருளன. இரண்டு உயிரினங்களுக்கிடையே மன்னராட்சி விட்டுச்சென்ற உரையாடல் ஏவலாக மட்டுமே எஞ்சுவது கருதத்தக்கது.

கூற்றின் எல்லை

இம்முறைக்கு ஓர் இழப்பும் உண்டு. பாகன் அறிவது பிணிக்கப்பட்ட யானையை மட்டுமே. குழியில் வீழ்வதற்கு முந்திய காட்டு வாழ்வுக்கு அவன் சாட்சியாக இயலாது. மனிதச் செவிக்கு எட்டாத, 20 ஹெர்ட்சுக்குக் குறைந்த ஒலிகளால் யானைகள் தொடர்புகொள்கின்றன என்பது 1980களில் கண்டறியப்பட்டது. அவ்வொலியுலகமும் பாகனின் அறிவுக்கு அப்பாற்பட்டது. ஆகவே ‘மத்தகம்’ தருவது யானையின் நோக்கன்று; யானையின் நோக்கை ஊகித்து உயிர்வாழ வேண்டியிருந்த மனிதனின் நோக்கு. இதனைக் குறைபாடு எனக் கொள்வதைவிட நேர்மை எனக் கொள்வதே பொருந்தும். அறியாத மனத்தை அறிந்ததாகக் காட்டிக்கொள்வதிலிருந்தே இதமான விலங்குக் கதைகள் தம் இனிமையைப் பெறுகின்றன.

முடிவுரை

வரலாற்றுப் புனைவில் நோக்குநிலையின் வேறுபாடு மனிதன், விலங்கு என்னும் பகுப்போடு முடிவதில்லை. மத்தகத்தின்மேல் அமர்ந்து காண்பதா, காலடியில் நின்று காண்பதா என்பதே முதன்மையான வினா. ஐதீகமாலையின் மரபு முன்னதைச் சார்ந்தது. ‘மத்தகம்’ பின்னதைத் தெரிந்துகொண்டது. கோயில் யானை பற்றிய பெருமித நினைவுகள் திருவிதாங்கூர்ப் பகுதியில் இன்றும் வலுவாக உள்ள நிலையில், அப்பெருமிதத்தைத் தாங்கிய உடலையும் அதனருகே அஞ்சி நின்ற உடலையும் ஒருங்கே காட்டியமை இக்குறுநாவலின் பங்களிப்பாகும். பிடிபடுவதற்கு முந்திய யானையின் வரலாற்றை எழுதப்புகும் தமிழ்ப் புனைவு, இவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.