திரையில் ஆடும் ஊசல்

ராதாபுரம் வட்டத்துக் கூடங்குளத்தில் அணு உலை இருக்கிறது. பக்கத்து ஊர் மாணவி அதன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொட முடியாது, திரையில் முடியும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' கணினி மாதிரிகள் இலவசம். அணுப்பிளவு மாதிரியில் நியூட்ரானைச் செலுத்தித் தண்டை வெளியே இழுத்தால் யுரேனியம்-235 அடுத்தடுத்துப் பிளக்கும். உள்ளே தள்ளினால் அடங்கும்.

தொடங்க ஏற்றது ஊசல் மாதிரிதான்.

குண்டின் நிறையைக் கூட்டினால் வேகமாக ஆடுமா? ஊகத்தை முதலில் நோட்டில் எழுதிவிட வேண்டும், பாடமே அதில்தான். 1 மீட்டர் ஊசல் எந்த நிறைக்கும் ஏறத்தாழ 2 விநாடியில் போய்த் திரும்பும். நிலவில் கிட்டத்தட்ட 5 விநாடி.

இந்த மாதிரியில் மிக அழகானது 'கோள் எக்ஸ்' என்ற தெரிவு. அதன் ஈர்ப்பைச் சொல்லமாட்டார்கள். நீளத்தையும் ஸ்டாப்வாட்சையும் வைத்து மாணவியே கணக்கிட வேண்டும்.