கேள்வி யாருடையது?

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள சிற்றூர் பிளாக்காட்டன். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் படித்த 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 25 பேர், 2010-இல் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நரம்பியல் அறிஞர் போ லோட்டோ உடன் நின்றார்.

பம்பிள்பீ எனும் பருத்த தேனீக்களுக்கு நீலமும் மஞ்சளுமான வட்டங்களை ஒளிரச் செய்து காட்டினார்கள். சில கட்டங்களில் நடுவட்டங்கள் நீலம், சுற்றிலும் மஞ்சள், மற்றவற்றில் நேர்மாறு. நடுவில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். சுற்றிலும் உப்புத் தண்ணீர். நிறத்தை மட்டும் நம்பினால் தேனீ ஏமாறும். நிறங்கள் அமைந்த விதத்தையும் கவனித்தாக வேண்டும். தேனீக்கள் கற்றுக்கொண்டன. ஒவ்வொரு தேனீயும் தன் வழியில் தேடியதையும் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

குறைகளும் உண்டு. சோதித்த தேனீக்கள் சொற்பம். புள்ளியியல் பகுப்பாய்வு இல்லை. முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த இடைவெளியை அறிஞர் இருவர் தனிக் குறிப்புரை எழுதி நிரப்பினர். எது பிள்ளைகளின் பங்கு, எது பெரியவர்களின் பங்கு என்பது வாசகருக்குத் தெரிந்தது. அம்முயற்சியின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் பலம் வேறு வகை. ஊர் ஏரி, குப்பை, குடிநீர் என்று பிள்ளைகள் வாழும் இடமே ஆய்வுக்களம். பெரியவர் கண்ணில் படாததை அங்கு வளரும் பிள்ளை கவனிக்கும். ஆனால் மையக்கருப்பொருள் மேலிருந்து வருகிறது. மாவட்டம், மாநிலம் என்று தேர்வுப் படிகள் ஏற ஏற, போட்டி ஆய்வை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வினாப்படிவத்தை ஆசிரியர் தயாரித்து, முடிவையும் அவரே எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது வீடு வீடாக அலைவதும் மேடையில் ஒப்பிப்பதும்தான். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையே முன்னே வரும். கூர்ந்து பார்க்கும் கூச்சக்காரப் பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும்.

பிள்ளைகளின் பங்கு எவ்வளவு உண்மையானது என்று பார்க்க ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் வகுத்த பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள். பிள்ளைகளை அலங்காரமாக நிறுத்துவது கீழ்ப்படிகளில் ஒன்று. அதை அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை.

பங்கேற்பு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கருவியைக் கையாளவும், பக்கத்து வீட்டாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித் தரவும் ஆள் வேண்டும். அந்த உதவியை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும். கேள்வியை எழுப்பியவர் யார், முடிவை எழுதியவர் யார் என்று மாநாட்டு நடுவர்கள் கேட்டு, அதற்கும் மதிப்பெண் தரட்டும்.