டெல்லி விலை, புனே மைலேஜ், நம் ஊர் ரோடு

சின்ன எஸ்யூவி வாங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஓர் அட்டவணையை. நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். எதிரே இன்ஜின், மைலேஜ், விலை என்று மூன்று கட்டங்கள். அடியில் பொடி எழுத்தில் 'எக்ஸ்-ஷோரூம், டெல்லி' என்று இருக்கும். வாங்குபவர் மதுரைக்காரராக இருந்தாலும் அச்சாவது டெல்லி விலைதான். மைலேஜோ, புனேயில் இருக்கும் வாகன ஆய்வு அமைப்பான ஏஆர்ஏஐயின் பெயரால் எல்லோரும் சொல்லும் ஆய்வக எண்.

இந்த ஒப்பீட்டு வழக்கத்தால் நமக்குக் கிடைத்த நன்மை கொஞ்சமல்ல. சிக்கல், மூன்று கட்டங்களையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தகவல்களாகப் படிப்பதில் இருக்கிறது. வரிச் சட்டம் இன்ஜினின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த இன்ஜின் சோதனைச்சாலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலிருந்து மைலேஜ் வருகிறது. விலை என்று அச்சாகும் தொகையிலோ ஊருக்கு ஊர் மாறும் பெரும்பகுதி விடுபட்டுப்போகிறது. விலைக்கே பெயர் கொடுத்த டெல்லியில் வைத்து இந்த அட்டவணையைச் சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் நன்மைகள். எல்லா வண்டிகளையும் ஒரே முறையில் அளந்த எண் கையில் இருந்தால், சேல்ஸ்மேன் சொல்லும் 'இருபது தாராளமாகக் கிடைக்கும் சார்' என்ற பேச்சுக்குப் பதில் சொல்லலாம். நிறுவனங்களுக்கும் அது கடிவாளம் போடுகிறது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் மைலேஜைக் கூட்டிச் சொன்னதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012 நவம்பரில் வெளிக்கொண்டுவந்தது. 2014-இல் அவை 10 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டன. வாக்குறுதி அச்சிட்ட எண்ணாக இருந்ததால்தான் அதைச் சரிபார்த்துப் பிடிக்க முடிந்தது. இன்னொரு நன்மை, அட்டவணையில் புதிய கட்டம் சேரும்போது சந்தையே அசைவது. 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான காருக்கு அதுவே முதல் முறை. பிறகு நட்சத்திரக் கட்டம் இல்லாத ஒப்பீடு அரைகுறையாகத் தெரியத் தொடங்கியது. இன்று இந்த வகை வண்டிகள் பலவற்றில் பேஸ் மாடலிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது.

இனி இன்ஜின் கட்டம். மூன்று சிலிண்டரா நான்கா, டர்போவா சாதாவா என்று விடிய விடிய விவாதிக்கிறோம். ஆனால் இந்த இன்ஜின்களின் அளவு பெரும்பாலும் நிதியமைச்சகத்தில் முடிவானது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டக் கூடாது, டீசல் 1,500 சிசியைத் தாண்டக் கூடாது. நெக்ஸான், வென்யூ, சோனெட், கைலாக் எல்லாமே 3,995 மில்லிமீட்டரில் நிற்பதும், அவற்றின் பெட்ரோல் இன்ஜின்கள் 998, 999, 1,197, 1,199 சிசி என்று கோட்டுக்கு உள்ளேயே இருப்பதும் இதனால்தான். டெல்லிக்கு இதில் தனிக் கதையும் உண்டு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவுசெய்யத் தற்காலிகத் தடை விதித்தது. அடுத்த மாதமே மஹிந்திரா 1.99 லிட்டர் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது.

2025 செப்டம்பர் 22-இல் அமலான ஜிஎஸ்டி மாற்றம் இந்தக் கோட்டைச் சுவராகவே உயர்த்திவிட்டது. கோட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம், தாண்டியவற்றுக்கு 40. பிரெஸ்ஸாவின் நீளம் நான்கு மீட்டருக்குள்தான்; ஆனால் அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. எனவே 40 சதவீத வரி. வரி குறைந்த கையோடு நெக்ஸானின் ஆரம்ப விலை 7.32 லட்சம் ஆனது, பிரெஸ்ஸாவின் ஆரம்ப விலை 8.26 லட்சம். அட்டவணை சொல்வது: நெக்ஸான் 94,000 ரூபாய் மலிவு. இரண்டிலிருந்தும் ஜிஎஸ்டியைக் கழித்துப் பாருங்கள். நெக்ஸான் சுமார் 6.20 லட்சம், பிரெஸ்ஸா சுமார் 5.90 லட்சம். வரியாக மட்டும் நெக்ஸான்காரர் 1.12 லட்சம் கட்டுகிறார், பிரெஸ்ஸாக்காரர் 2.36 லட்சம் கட்டுகிறார். இரண்டு பேஸ் மாடல்களிலும் கிடைக்கும் வசதிகள் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் 'எந்த நிறுவனம் கொடுத்த காசுக்கு நியாயம் செய்கிறது' என்று தீர்ப்பெழுதும் ஒப்பீடுகள், நிறுவனத்தின் விலையையும் அரசின் வரியையும் பிரிக்காமலேயே எழுதுகின்றன.

இன்ஜின் கட்டத்தில் அச்சாவது உச்ச எண்கள் மட்டும். நெக்ஸான் டர்போ 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். பிரெஸ்ஸா 103 பிஎஸ், 137 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் காலை ஒன்பதரைக்கு டெல்லியின் ஆசிரமம் சந்திப்பில் வண்டி ஓடுவது 1,000 முதல் 1,500 சுழற்சிக்குள். டர்போ முழு மூச்சில் இழுக்கத் தொடங்குவதே சுமார் 1,500, 1,750-க்கு மேல்தான். அதற்குக் கீழே ஊர்ந்து போகும்போது, டர்போ இல்லாத பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின் கிளட்சை விட்டதும் குலுங்காமல் நகரும். சின்ன டர்போ இன்ஜினுக்கு அரை கிளட்ச்சும் கூடுதல் ஆக்சிலேட்டரும் வேண்டியிருக்கும். குருகிராம் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நிலைமை தலைகீழ்: ஓவர்டேக் செய்ய டர்போவின் பிக்-அப்புக்கு ஈடில்லை. எது நல்ல இன்ஜின் என்பதற்கு விடை நாம் எந்த வேகத்தில் அதிக நேரம் இருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மூன்றிலும் மிகப் பலவீனமானது மைலேஜ் கட்டம். இந்திய ஓட்டுச் சுழற்சி என்ற அந்தச் சோதனை, உருளைகள் மீது வண்டியை நிறுத்தி 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்ப்பது. பழைய ஐரோப்பிய முறையைத் தழுவியது. உச்ச வேகம் 90 கிலோமீட்டர். வேகம் மெதுவாகவே ஏறும், ஏசி ஓடாது. டெல்லியின் மே மாதம் 45 டிகிரி. சிக்னலில் நின்றாலும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஏசி இல்லாமல் எடுத்த மைலேஜ் அங்கே ஏட்டுச் சுரைக்காய்தான். சோதனையின் மென்மை எல்லா இன்ஜினுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. மெதுவான ஏற்றத்தில் சின்ன டர்போ இன்ஜின் சிக்கனமாக ஓடி நல்ல எண்ணைக் காட்டும். நிஜ ரோட்டில் அழுத்தி மிதித்தால் பெட்ரோலைக் குடிக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே சதவீதம் குறையும் என்றால், 'எப்படியும் வரிசை மாறாதே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானமும் நிற்பதில்லை. ஐரோப்பாவில் ஆய்வக எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடையிலான இடைவெளி 2001-இல் 9 சதவீதம் அளவில் இருந்தது, 2015-இல் 42 சதவீதமாக விரிந்தது என்று தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் கணக்கிட்டது. சோதனைக்கு ஏற்றபடி வண்டியைத் தயாரிக்க நிறுவனங்கள் கற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். 2017-இல் ஐரோப்பா சோதனை முறையையே மாற்றியது.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அலகும் நம் கண்ணைக் கட்டுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மைலேஜ் 20-லிருந்து 22 ஆனால் நாலரை லிட்டர் மிச்சம். 10-லிருந்து 12 ஆனால் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். இரண்டிலும் வித்தியாசம் அதே இரண்டுதான். 17.5-க்கும் 18-க்கும் உள்ள அரைப் புள்ளியை வைத்து 'மைலேஜில் வெற்றி' என்று எழுதுகிறார்கள். 2025-இல் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 94.77 ரூபாய்; அந்த வெற்றியின் மதிப்பு மாதம் 150 ரூபாய். இதற்கு மேல் எத்தனால் வேறு. அதன் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவாகவே வரும்.

விலைக் கட்டத்துக்கு வருவோம். டெல்லியில் தனிநபர் வாங்கும் பெட்ரோல் காருக்குச் சாலை வரி 6 முதல் 10 லட்சம் வரை 7 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம். டீசலுக்கு 8.75, 12.5. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. இப்போது 9.99 லட்சம், 10.01 லட்சம் என இரண்டு பெட்ரோல் வேரியன்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் வித்தியாசம் 2,000 ரூபாய். டெல்லியில் முதலாவதற்கு வரி 69,930, அடுத்ததற்கு 1,00,100. சென்னையில் 1,29,870-க்கு எதிரே 1,80,180. வெறும் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம் டெல்லியில் 32,000 ஆகவும் சென்னையில் 52,000 ஆகவும் வளர்ந்து நிற்கிறது. டெல்லி விலையை மட்டும் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் போட்டால் சன்ரூஃப் வருமே' என்று அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவும் சென்னைக்காரர் பில் போடும்போதுதான் விழிப்பார்.

மூன்று கட்டங்களையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகிறது என்பதை டீசலை வைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் வேரியன்ட் 9.8 லட்சம், அதே தரத்தில் டீசல் 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டெல்லிச் சாலை வரியும் சேர்ந்தால் டீசலுக்குக் கூடுதல் செலவு சுமார் 1.89 லட்சம். நெரிசலில் பெட்ரோல் 11, டீசல் 15 கொடுக்கிறது என்று கொண்டால், டீசல் விலை 87.67 ரூபாய்க் கணக்கில், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2,770 ரூபாய். போட்ட காசு திரும்ப ஐந்தே முக்கால் ஆண்டு ஆகும். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் பதினொரு ஆண்டுக்கும் மேல்.

அங்கேதான் டெல்லியின் சட்டம் குறுக்கே நிற்கிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டியது. 2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாள்களில் அது நின்றுபோனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காட்டிக் கட்டாய நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 புகை விதிப்படியும் அதற்குப் பிந்தைய விதிகளின்படியும் தயாரான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆனால் காற்று மாசு முற்றி, அதற்கான அரசுக் கட்டுப்பாடுகள் மூன்றாம் கட்டத்தைத் தொட்டால் பிஎஸ்-4 டீசல் கார்கள் டெல்லியில் வெளியே வரக்கூடாது. 2019-இல் ஒப்பீடுகளில் மைலேஜுக்காக முதலிடம் பெற்ற டீசல் எஸ்யூவிகள் இன்று பனிக்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கின்றன. பிஎஸ்-6 டீசலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: புகைபோக்கியில் உள்ள துகள் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர் ஊர்ந்தே போய் வரும் வண்டியில் எச்சரிக்கை விளக்குதான் எரியும்.

இதே கணக்கில் சிஎன்ஜி வேறு முகம் காட்டுகிறது. 2025-இல் டெல்லியில் கிலோ 77 ரூபாய். நெரிசலில் கிலோவுக்கு 19 கிலோமீட்டர் கிடைத்தாலும் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் சொச்சம்தான். பெட்ரோலுக்கு எட்டரை ஆகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், ஒரு லட்சம் கூடுதல் விலை இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். டிக்கியில் இடம் குறையும், பங்க்கில் வரிசை நிற்கும். அந்த நேரத்துக்கு விலை போடத் தெரிந்தவர் அதையும் கழித்துக்கொள்ளலாம்.

ஆகவே அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். வாங்குபவரின் வாழ்க்கையோடு வண்டியை ஒப்பிடத்தான் அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்ப ஒப்பீடு எழுதுபவர்கள் மூன்று விஷயங்களை அச்சிட்டால் போதும்: எந்த ஊரின் ஆன்-ரோடு விலை, மாதம் எத்தனை கிலோமீட்டர் என்ற அனுமானம், ஏசி போட்டு டேங்க்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பி அளந்த மைலேஜ். அனுமானத்தை வெளிப்படையாகச் சொன்னால், மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வூதியக்காரர் தன் எண்ணைப் போட்டுப் பார்த்து, கட்டுரையாளர் முதலிடம் கொடுத்த டீசலை விட்டுவிட்டுச் சாதாரண 1.2 பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கலாம். தீர்ப்பை மறுத்து வேறு வண்டி வாங்கவும் வாசகருக்கு வழிவிடுகிற ஒப்பீடே காசு கொடுத்துப் படிக்கத் தகுந்தது.