ஆயுர்வேதத்தின் ஐம்பூத அளவுகோல்

சைத்ரரத வனத்தில் முனிவர்கள் கூடி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: சுவை எத்தனை? சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 26-ஆம் அத்தியாயம் அந்த வாதத்தைப் பெயர் பெயராகச் சொல்கிறது. சுவை ஒன்றுதான், அது நீரிலிருந்து வேறானதல்ல என்றார் பத்ரகாப்யர். அடுத்தடுத்துப் பேசியவர்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். குமாரசிரஸ் பரத்வாஜர் ஐந்து என்றார்: நிலத்துக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, தீக்கும் காற்றுக்கும் வெளிக்கும் ஒவ்வொன்று. பாஹ்லிக நாட்டு மருத்துவர் காங்காயனரோ சுவை கணக்கில் அடங்காது என்றார். கடைசியில் புனர்வசு ஆத்ரேயர் ஆறு என்று தீர்த்துவைத்தார்.

அவர் ஐந்தை மறுத்த விதம்தான் முக்கியம். பூதங்கள் சுவைகள் அல்ல, சுவைகள் தங்கும் இடங்கள் என்றார் ஆத்ரேயர். உலகிலுள்ள எல்லாப் பொருளும் ஐம்பூதங்களால் ஆனது என்று அதே அத்தியாயத்தில் அறுதியிட்டுச் சொன்னவரும் அவர்தான். ஐம்பூதக் கொள்கையை அடித்தளமாகக் கொண்ட மரபு, கண்ணில் பட்டதையெல்லாம் ஐந்தாகக் கூறுபோடும் ஆசைக்குத் தொடக்கத்திலேயே அணை கட்டியது. இன்றைய விளம்பரங்களில் ஐந்து வண்ண வட்டங்களாகச் சுருங்கிப்போன ஐம்பூதத்தைப் பார்ப்பவர்கள், இந்த வாதத்தை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

வேதியியலின் தனிமப் பட்டியலோடு இந்த ஐந்தை ஒப்பிடுவது பொருந்தாது. சரகர் தரும் அடையாளங்கள் வேறு வகை. நிலத்துக்குச் சொரசொரப்பு, நீருக்கு நெகிழ்ந்தோடும் தன்மை, தீக்கு வெப்பம், காற்றுக்கு அசைவு, வெளிக்குத் தடையின்மை. இவை அனைத்தும் தொடு உணர்வால் அறியத்தக்கவை என்று அவரே சொல்கிறார். நோயாளியின் மேல் கைவைத்துப் பார்க்கும் மருத்துவனுக்காக வகுத்த இலக்கணம் இது. பொருள் எதனால் ஆனது என்பதைவிட, உடலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே இதன் அக்கறை.

சரகரின் சாரீரஸ்தானம் இந்த இலக்கணத்தைத் தலைமுதல் கால்வரை பொருத்திக் காட்டுகிறது. நகம், எலும்பு, பல், தசை, மயிர் என்று கனத்து உறுதியாக நிற்பவை நிலம். உணவுச் சாறாகிய ரசம், குருதி, கொழுப்பு, சிறுநீர், வியர்வை போன்ற ஓடுபவை நீர். உடற்சூடும் மேனியின் ஒளியும் தீ. மூச்சும் இமைப்பும் காற்று. சிறிதும் பெரிதுமான துளைகளும் நாளங்களும் வெளி. பித்தம் இந்தப் பட்டியலில் இரண்டு இடங்களில் வருகிறது. திரவமாக இருப்பதால் நீரின் வரிசையிலும், சுடுவதால் தீயின் வரிசையிலும் அதை வைத்தார்கள். ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

உடலை இயக்கும் மூன்று தோஷங்களின் கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது. வாதத்தில் காற்றும் வெளியும், பித்தத்தில் தீ மேலோங்க நீரும், கபத்தில் நீரும் நிலமும். உண்ட உணவு இந்த உடலாக மாறுவதற்கு 13 அக்கினிகளைச் சொன்னார்கள். வயிற்றில் எரியும் ஜாடராக்னி ஒன்று. உடலைத் தாங்கும் ஏழு தாதுக்களுக்கும் ஒவ்வொன்றாக ஏழு. இடையில் பூதாக்னி ஐந்து. சோற்றிலுள்ள நிலக்கூறை நிலத்தின் அக்கினியும் நீர்க்கூறை நீரின் அக்கினியும் பக்குவப்படுத்தி, உடலில் தமக்கு இனமான பகுதிக்கு ஊட்டமாக்கும் என்பது கொள்கை. வெளியே இருக்கும் உலகமும் உள்ளே இருக்கும் உடலும் ஒரே சரக்கு என்ற எண்ணம் வெறும் தத்துவமாக நிற்காமல் பத்தியமாக, வேளைச் சோறாக மாறியது இந்த இடத்தில்தான்.

ஆத்ரேயர் வழி மருந்து கொடுப்போரின் வழி. தன்வந்திரி வழி கத்தி எடுத்தவர்களுடையது. அதன் நூல் சுசுருத சம்ஹிதை. மருத்துவத்துக்குப் பூதங்களைத் தாண்டிய ஆராய்ச்சி தேவையில்லை என்று சுசுருதர் எல்லை கட்டிக்கொள்கிறார். ஆனால் அந்த எல்லைக்குள் அவர் காட்டும் நுணுக்கம் வியக்க வைக்கிறது. கருவைப் பற்றிச் சொல்லும்போது, காற்று அதைப் பிரிக்கிறது, தீ சமைக்கிறது, நீர் ஈரமாக்குகிறது, நிலம் இறுக்கிக் கட்டுகிறது, வெளி பெருக்குகிறது என்று ஐந்தையும் வினைகளாக்கிவிடுகிறார். கண்ணுக்கு வரும்போது உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிறார்: தசை நிலத்திலிருந்து, செம்மை தீயிலிருந்து, கருவிழியின் கருமை காற்றிலிருந்து, வெண்மை நீரிலிருந்து, கண்ணீர் வழிகள் வெளியிலிருந்து. இந்தப் பகுப்பு வரும் உத்தர தந்திரம் என்ற பகுதியில்தான் கண்ணில் விழும் திரையை அறுவை முறையால் விலக்கும் விவரமும் இருக்கிறது. கோட்பாடும் கருவியும் ஒரே பகுதியில் குடியிருக்கின்றன.

பிணத்தைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து அடுக்கு அடுக்காகப் பார்க்கச் சொன்னவர் சுசுருதர். எலும்புக் கணக்கில் அவர் 300 என்று நிற்கிறார். சரகர் பல்லையும் நகத்தையும் சேர்த்து 360 என்கிறார். இன்றைய உடற்கூற்றியல் வளர்ந்த மனிதருக்கு 206 என்கிறது. எதை எலும்பென்று எண்ணுவது என்பதிலேயே இரு மரபும் பிரிந்தன. பிரிவை மறைக்கவும் இல்லை. 360 என்பார் உண்டு, அறுவை நூலுக்கு 300 என்று சுசுருதர் இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துவிட்டுப் போகிறார்.

ஐம்பூதம் உண்மையிலேயே உரசிப்பார்க்கப்பட்ட இடம் விபாகம், அதாவது செரித்த பின் மிஞ்சும் தன்மை. சரகருக்கு அது இனிப்பு, புளிப்பு, கார்ப்பு என்று மூன்று. சுசுருதருக்கு இரண்டே. நிலமும் நீரும் மிகுந்தவை கனமாக முடியும், மற்ற மூன்றும் மிகுந்தவை இலேசாக முடியும். புளிப்புக்கு அங்கே தனி இடமில்லை. பூதக் கணக்கை நேராகப் பின்பற்றியவர் சுசுருதர், நாவின் அனுபவத்துக்கு இடம் விட்டவர் சரகர் என்று சொல்லத் தோன்றுகிறது.

நாவின் சுவை மட்டும் போதாது என்பதற்குத் திரிகடுகத்தை எடுத்துக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் நாவில் காரம். காரத்தில் தீயும் காற்றும் மேலோங்கும். ஆனால் மிளகு செரித்த பின்னும் காரமாகவே முடிய, சுக்கும் திப்பிலியும் இனிப்பாக முடியும் என்கின்றன நூல்கள். நெல்லிக்காய் இன்னொரு சிக்கல். புளிப்பில் தீயின் பங்கு உண்டு. அப்படியானால் நெல்லி சுட வேண்டும். அதுவோ குளிர்ச்சி தரும் பொருளாகவே எண்ணப்படுகிறது. அதனால்தான் சுவையோடு நிற்காமல் குணம், வீரியம் (சூடு, குளிர்ச்சி போன்ற ஆற்றல்), விபாகம் என்று அடுத்தடுத்த படிகளை அமைத்தார்கள்.

அந்தப் படிகளும் போதாத இடம் உண்டு. கொடிவேலிக்கும் தந்தி என்னும் மூலிகைக்கும் சுவை ஒன்று, வீரியம் ஒன்று, விபாகமும் ஒன்று. தந்தி பேதியாக்கும், கொடிவேலி ஆக்காது. ஏன்? சரகர் இதற்குப் பிரபாவம் என்று பெயரிட்டார்: எண்ணிப் பிடிக்க முடியாத ஆற்றல். கணக்கு உதைக்கும் இடத்தில் மூலிகையைக் குறை சொல்லாமல், கணக்கின் எல்லையை ஒப்புக்கொண்ட இந்த நேர்மையே இந்த மரபு வைத்த தரங்களில் தலையாயது.

பிற்காலத்தில் வாக்படர் ஆத்ரேயர் வழி, தன்வந்திரி வழி இரண்டையும் அஷ்டாங்க ஹிருதயத்தில் 120 அத்தியாயங்களாக இணைத்தார். கேரளத்து அஷ்டவைத்தியக் குடும்பங்கள் பாடம் செய்தது அந்த நூலைத்தான். வங்கத்தில் 11-ஆம் நூற்றாண்டின் சக்கரபாணிதத்தர் உரையோடு சரகரே ஆசானாக இருந்தார். ஒரே ஐம்பூதத்தை ஒருவர் மனப்பாடச் செய்யுளாகவும் மற்றவர் உரைவிவாதமாகவும் கற்றார்கள். தமிழ் நிலத்தில் சித்த மருத்துவம் இதே ஐந்தை 96 தத்துவங்களுக்குள் வைத்து, ஒவ்வொரு சுவைக்கும் இரண்டு பூதம் என்ற கணக்கையும் தனதாக்கிக்கொண்டது. புளிப்புக்கும் உப்புக்கும் எந்தப் பூதங்கள் என்பதில் மட்டும் பாடத்துக்குப் பாடம் நிலமும் நீரும் இடம் மாறுவதைக் காணலாம்.

இந்த மருத்துவங்களின் அடிப்படை பற்றிய கேள்விகள் பிற்காலத்தில் சென்னையிலும் எழுந்தன. மதராஸ் மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவங்களை ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் படித்தவர். 1923-இல் வெளியான அறிக்கையோடு இணைந்த அவருடைய நீண்ட குறிப்பு, இந்திய மருத்துவத்தின் அடிப்படைகளை அன்றைய அறிவியல் படித்தவர்களுக்கு விளங்கும்படி எடுத்துரைத்தது. 1925-இல் சென்னையில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளிக்கு அவரே தலைமை ஏற்றார். ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அங்கே ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பட்டன.

இன்று மருந்துக்குச் சட்டப்படியான தரம் வகுப்பது இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூல். அதில் சுக்கின் பக்கத்தைப் புரட்டினால், கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சாம்பல் அளவு எவ்வளவு இருக்கலாம், சாராயத்திலும் நீரிலும் கரையும் பகுதி எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரம்புகள் இருக்கும். கூடவே ரசம் (சுவை), குணம், வீரியம், விபாகம் என்ற பழைய நான்கு தலைப்புகளும் இருக்கும். முதல் பகுதியை ஆய்வுக்கூடம் ஒவ்வொரு சரக்கிலும் சோதித்துச் சொல்கிறது. இரண்டாவது பகுதியைச் சோதிக்கும் கருவி இன்னும் நூலும், நாவும், நோயாளியின் அருகே உட்கார்ந்திருக்கும் வைத்தியரின் பழக்கமும்தான். அந்த இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் வகுப்பறைகள் நம் ஆயுர்வேதக் கல்லூரிகளில் பெருக வேண்டும். சைத்ரரத வாதத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு அப்படி வாதிடும் உரிமையும் உண்டு.